மலிவான மடக்குக்கத்தி வாங்குவது எப்படி? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயல், தோட்டம், குளத்தடி, கடற்கரை என்று வெளியில் வேலை செய்கிறவர்களுக்குப் பையில் ஒரு சின்னக் கத்தி இருந்தால் எத்தனையோ வேலை சுலபமாகும். ஆனால் வாங்கப் போனால், கடையில் தொங்குவதில் பாதி பார்வைக்கு மட்டும் செய்தவை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியாப் பக்கத்து ஆட்கள் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு என்னுடைய பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். என்னுடைய சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கல்லில் நீங்களே தீட்டக்கூடிய, நீங்களே கழுவித் துடைக்கக்கூடிய கத்திதான் நல்ல கத்தி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீட்டில் காட்டுக்கத்தி இருக்கிறது. பிறகு எதற்கு மடக்குக்கத்தி?

காட்டுக்கத்தி தறிப்பதற்கு. மடக்குக்கத்தி அறுப்பதற்கும் சீவுவதற்கும். உரப்பையின் தையலைப் பிரிப்பது, நைலோன் கயிறு அறுப்பது, நீர்ப்பம்பிக் குழாயின் கிழிந்த நுனியை நேராக வெட்டி மறுபடி பொருத்துவது, வாழையிலை நறுக்குவது, மாங்காய் சீவுவது, வலையில் சிக்கிய தங்கூசியை எடுப்பது, இதற்கெல்லாம் முழங்கை நீளக் கத்தியைத் தூக்க முடியாது. வயல் காவல் கொட்டிலில் இராத்தங்குகிறவர்களுக்குச் சமையலும் அந்தச் சின்னக் கத்தியில்தான் நடக்கும்.

அதே நேரம், பெரிய கத்தியின் வேலையைச் சின்னதிடம் கேட்கக்கூடாது. பாலை, முதிரை, வீரை எல்லாம் வைரம் பாய்ந்த மரங்கள். அந்தக் கொப்புகளை மடக்குக்கத்தியால் தறிக்கப் போனால் முதலில் ஆடத் தொடங்குவது கத்தியின் ஆணி. தேங்காய் உடைப்பது, ரின் மூடி நெம்புவது, ரயர் கழற்றுவது எல்லாம் இந்தக் கணக்குத்தான். பெட்டி இழைக்கிறவர்கள் ஓலை வாருவதற்குச் சத்தகத்தையே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவியை எந்தக் கம்பனியும் செய்யவில்லை.

எவ்வளவு காசு ஒதுக்கலாம்?

ரூபாயில் சொன்னால் அடுத்த மாதம் பிழைத்துவிடும். கூலிக் கணக்கில் சொல்கிறேன். ஒரு ஆளின் இரண்டு மூன்று நாள் கூலிக்குள் வாழ்நாள் முழுவதும் உழைக்கும் கத்தி வாங்கலாம். அதற்கு மேல் கொடுக்கும் காசு பெரும்பாலும் அழகுக்கும் பெயருக்கும் போகிறது. அரை நாள் கூலிக்குக் கிடைப்பதும் உண்டு. அதை எடுத்தால், கீழே சொல்லும் சோதனைகளைக் கட்டாயம் செய்து பார்த்து எடுங்கள். தொலைத்தாலும் மனம் நோகாத விலையில் வாங்குவது இன்னொரு நன்மை. வரம்பில் வைத்துவிட்டு வந்த கத்தி திரும்பக் கிடைக்காமலும் போகலாம்.

என்ன அளவு சரி?

அலகு 7 முதல் 9 சென்ரிமீற்றர். அதற்குக் குறைந்தால் குளத்து மீன் வெட்டக் கை வராது. கூடினால் பையில் இடைஞ்சல், ஊரிலும் தேவையில்லாத பார்வை.

நீளத்தைவிடத் தடிப்பு முக்கியம். இதைக் கடையில் யாரும் கவனிப்பதில்லை. முதுகுப் பக்கம் 2 மில்லிமீற்றர் அளவில் இருக்கும் மெல்லிய அலகு மாங்காய்க்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும். 4 மில்லிமீற்றர் தடித்த அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் காயைப் பிளக்குமே தவிர அறுக்காது. பலமாக இருக்கும் என்று நினைத்துத் தடித்ததை எடுக்கிறார்கள். பலம் வேண்டிய வேலைக்குத்தான் காட்டுக்கத்தி இருக்கிறதே.

நுனி மெல்ல இறங்கி வரும் சாதாரண வடிவம் எல்லா வேலைக்கும் பொருந்தும். வள்ளத்தில் வலையோடு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும், முதுகு வளைந்து வந்து கூர்ப்பக்கத்தைத் தொடுகிற, குத்துநுனி இல்லாத வடிவத்தைச் சொல்வேன். அலை தூக்கும்போது கையிலோ பக்கத்து ஆளிலோ குத்தாது.

காபன் உருக்கா, ஸ்ரெயின்லெஸ்ஸா?

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முல்லைத்தீவுக் கரை, கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், சுண்டிக்குளம் என்று உப்புக்காற்றுப் படும் இடமென்றால் ஸ்ரெயின்லெஸ் எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். காபன் உருக்கு இறால் தண்ணீரில் நனைந்து ஓர் இரவு துடைக்காமல் கிடந்தால் காலையில் செம்மஞ்சள் பூத்திருக்கும்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் போல உள்ளே இருக்கிறவர்களுக்கு இரண்டும் சரி. காபன் உருக்கின் நன்மை, அது கல்லுக்கு உடனே இணங்கும். நாலைந்து இழுவையில் கூர் திரும்பிவிடும். தீட்டும்போது கூரின் ஓரத்தில் எழும் மெல்லிய முள்ளான பிசிரும் லேசாக விழும். புளி, மாங்காய், எலுமிச்சை பட்டால் அலகு சாம்பல் நிறமாகக் கறுக்கும். அது பழுதில்லை. அந்தக் கறுப்புப் படலம் செந்துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். புதுக் கத்தியில் வெட்டிய பழத்தில் இரும்பு மணம் வரலாம், படலம் ஏற ஏற அது குறையும்.

கத்திக்கு வரும் ஸ்ரெயின்லெஸ் பெரும்பாலும் கிட்டத்தட்ட 13 வீதமும் அதற்கு மேலும் குரோமியம் கலந்த உருக்கு. குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் தடுக்கிறது. அதுவும் துருப்பிடிக்கும், ஆனால் மெதுவாக. உப்புத் தண்ணீரில் ஊறவிட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஆகவே கழுவும் வேலை இரண்டுக்கும் உண்டு, ஒன்றுக்கு அன்றே, மற்றதற்குக் கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை.

தோட்டக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே ஒரு பதில் சொல் என்றால், ஸ்ரெயின்லெஸ் என்றே சொல்வேன். ஐப்பசி தொடங்கித் தை வரை மாரியில் எங்கள் வீடுகளில் எதுவும் முழுதாகக் காய்வதில்லை.

பெட்டியில் 440, 8சிஆர்13எம்ஓவி, டி2 என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களே?

அவை உருக்கின் பெயர்கள். சீனப் பெயர்களை வாசிப்பது சுலபம். முன்னால் நிற்கும் எண் காபனின் அளவு, வீதத்தில் பத்தில் ஒரு பங்காக. நடுவில் நிற்பது குரோமிய வீதம். 8சிஆர்13 என்றால் காபன் சுமார் 0.8 வீதம், குரோமியம் சுமார் 13 வீதம். 3சிஆர்13 என்றால் காபன் 0.3 வீதம்தான். அவ்வளவு குறைந்த காபன் உள்ள உருக்கு போதிய கடினம் ஏறாது, இரண்டு உரப்பை அறுத்ததும் மழுங்கும். 5 இலிருந்து 8 வரை உள்ளவை மலிவுக் கத்திக்கு நல்லவை.

440 என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 440ஏ யில் காபன் 0.6 முதல் 0.75 வீதம், 440சி யில் 1 வீதத்தை ஒட்டி. எந்த எழுத்து என்று சொல்லாதவர் பெரும்பாலும் சொல்ல விரும்பாதவர். டி2 கூரை நீண்ட நாள் பிடித்து வைத்திருக்கும், ஆனால் மழுங்கினால் வீட்டுக் கல்லில் மீட்பது பெரும்பாடு. குரோமியம் 12 வீதம் இருந்தும் அது முழு ஸ்ரெயின்லெஸ் அல்ல. எங்கள் ஊர் வேலைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உருக்கின் பெயரைவிட அதைச் சுட்டுக் குளிரவைத்த பக்குவம்தான் கத்தியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஒரே உருக்கில் ஒரு கம்பனியின் கத்தி நன்றாக இருக்கும், இன்னொன்று ஈயம் போல வளையும். அதனால்தான் பெயர் எடுத்த கம்பனியின் சாதாரண உருக்கு, பெயரில்லாத கம்பனியின் பெரிய உருக்கைவிட நம்பகமானது.

காந்தம் ஒட்டினால் மட்டமான இரும்பு என்கிறார்களே?

பிழையான பேச்சு. கடினப்படுத்திய ஸ்ரெயின்லெஸ் கத்திகள் எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டும். ஒட்டாத ஸ்ரெயின்லெஸ் சட்டி பானைக்கு உரியது, அதைக் கத்திக்கு வேண்டிய அளவு கடினமாக்க முடியாது. உண்மையில் அலகில் காந்தம் ஒட்டாவிட்டால்தான் அந்தக் கத்தியை வைத்துவிட்டு வரவேண்டும்.

பூட்டு உள்ளது வேண்டுமா, இல்லாதது போதுமா?

பெரியவர்கள் வில்லுக்கத்தி என்று சொல்வதில் பூட்டு இல்லை. முதுகில் ஒரு வில்லுத்தகடு அலகை அழுத்திப் பிடித்திருக்கும், கொஞ்சம் பலமாக அமர்த்தினால் மடங்கும். காய் சீவ, கயிறு அறுக்க அது தாராளம். குத்துவது, திருகுவது போன்ற வேலைக்குத்தான் அது ஆபத்து, அலகு விரலின் மேல் மடங்கும்.

பூட்டு உள்ளவற்றில் மலிவு விலையில் மூன்று வகை வரும். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் சரிந்து அலகின் அடியைத் தாங்குவது ஒன்று. முதுகில் அமர்த்திவிடும் பூட்டு இன்னொன்று. பிடியின் தலையில் சுற்றித் திருப்பும் வளையம் மூன்றாவது.

எனக்கு மிகவும் பிடித்தது வளையப் பூட்டு. அதற்குள் மண் போனாலும் கழுவிவிடலாம், பழுதானால் கண்ணுக்குத் தெரியும். வளையத்தைத் திருப்பினோமா இல்லையா என்ற சந்தேகமும் வராது. தகட்டுப் பூட்டு ஒரு கையால் திறந்து மூட வசதி. மற்றக் கையில் மாட்டுக் கயிறோ ஏணியோ இருக்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் மலிவானதில் அந்தத் தகடு மெல்லியது. விளாம்பழத்தைக் கத்தி முதுகால் தட்டி உடைக்கிற பழக்கம் இருக்கிறதே, அந்த அதிர்ச்சி நேராகப் பூட்டில்தான் இறங்கும். ஒரு பருவம் அப்படித் தட்டிய கத்தியை நம்பிக் குத்தாதீர்கள். பழத்தைக் கல்லில் உடையுங்கள்.

எந்தப் பூட்டானாலும், பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில் அலகின் முதுகுப் பக்கமாகப் பலம் கொடுக்கக்கூடாது. பூட்டு காப்புக்கு மட்டும்.

பாரிஸிலிருந்து மாமா வருகிறார், சுவிஸிலிருந்து அக்கா வருகிறார். எதைக் கொண்டுவரச் சொல்லலாம்?

எங்கள் ஆட்கள் நிறையப் பேருக்கு நல்ல கத்தி இப்படித்தான் கைக்கு வருகிறது. அதிர்ஷ்டவசமாக இந்த இரண்டு நாடுகளும் மலிவான நல்ல மடக்குக்கத்திக்கு உலகத்தில் பெயர் பெற்றவை.

பிரான்சில் ஒப்பினல். சவோய் மலைப் பகுதியில் ஜோசப் ஒப்பினல் 1890 இல் செய்யத் தொடங்கியது. உழவரும் இடையரும் பையில் வைப்பதற்காக வந்த கத்தி, இன்றும் அந்த உருவம் பெரிதாக மாறவில்லை. மரப்பிடி, மெல்லிய அலகு, 1955 இல் சேர்த்த வளையப் பூட்டு. அவ்வளவுதான். எட்டாம் இலக்கம் கேளுங்கள், அலகு 8.5 சென்ரிமீற்றர், பாரம் 50 கிராம் அளவு. காபனிலும் வரும், ஸ்ரெயின்லெஸ்ஸிலும் வரும். எது என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கடையில் முதலில் கண்டதை எடுத்து வருவார்கள். இப்போது வருபவற்றில் மூடிய நிலையிலும் வளையத்தைத் திருப்பிப் பூட்டலாம், பைக்குள் தானாகத் திறக்காது.

அதற்கு ஒரு குறை உண்டு. பிடி பீச் என்ற மரம், மாரியில் ஈரம் குடித்து ஊதிவிடும். அப்போது அலகை நகத்தால் இழுத்துத் திறக்க முடியாது. பிடியின் அடிப்பக்கத்தைப் பலகையில் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும், பிறகு இழுக்கலாம். வாங்கியவுடன் நன்றாகக் காயவிட்டு, ஆணிப் பக்கத்து மரத்தில் எண்ணெய் ஊறவிட்டால் தொல்லை பெருமளவு குறையும். ஆளிவிதை எண்ணெய் கிடைத்தால் அதுவே நல்லது, காய்ந்து இறுகும்.

சுவிஸில் விக்டோரினொக்ஸ். கார்ல் எல்செனர் 1884 இல் ஈபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறை, 1891 இல் சுவிஸ் படைக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கியது. சிவப்புப் பிடியோடு பல கருவி உள்ளது எல்லோருக்கும் தெரியும். அதில் நிறையக் கருவி உள்ளதைக் கேட்காதீர்கள், தடித்துப் பாரமாகும், பையிலிருந்து வீட்டு மேசைக்குப் போய்விடும். இரண்டு மூன்று அடுக்கோடு நிற்பது நல்லது. வாள் உள்ள மாதிரி ஒன்று இருந்தால் தோட்டத்தில் கைகொடுக்கும், விரல் தடிப்புக் கொப்பை அது அழகாக அறுக்கும். அலுமினியப் பிடியோடு ஃபார்மர் என்று ஒரு மாதிரி இருக்கிறது, கத்தி, வாள், துளையூசி, ரின் திறப்பான் உள்ளது. விலை கூட, ஆனால் கமக்காரருக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. உருக்கு மென்மையான பக்கம், கடினத்தை அளக்கும் றொக்வெல் அளவில் 56 அளவு. மழுங்கும், ஆனால் எந்தக் கல்லிலும் தீட்டலாம்.

இரண்டில் ஒன்று என்றால்? சாப்பாட்டு வேலையும் மீனும் கூட என்றால் ஒப்பினல். இயந்திரம், வயர், திருகாணி என்று கை போகிறவர்களுக்கு விக்டோரினொக்ஸ். வருகிறவரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். கத்தி சரக்கில் போகும் பெரிய பெட்டிக்குள் இருக்கவேண்டும். கைப்பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

ரவுண் கடையில் வாங்கும்போது எப்படிச் சோதிப்பது?

திறந்து, நுனியைப் பிடித்து மெல்ல இடம் வலமாக ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் வேண்டாம். மேலும் கீழும் ஆடினால் கட்டாயம் வேண்டாம், அது பூட்டின் குறை. மூடிவிட்டு மேலிருந்து பாருங்கள், அலகு பிடியின் நடுவில் நிற்கவேண்டும், நுனி வெளியே தலைகாட்டக்கூடாது. அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், பைக்குள் கை விடும்போது விரலைக் கிழிப்பது அந்த நுனி. மூடிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள், தானாகத் திறக்கிறதா பாருங்கள்.

பிறகு வெளிச்சத்துக்கு நேரே கூர்ப்பக்கத்தைப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது அல்லது பல் விழுந்திருக்கிறது. மழுங்கல் தீட்டினால் போகும். அலை அலையாக இருந்தால் சாணை பிடித்தவர் கவனமில்லாமல் பிடித்திருக்கிறார், அது லேசில் போகாது.

சுவிஸ் கத்தி என்று மிக மலிவாகக் கொடுத்தால் போலியாகத்தான் இருக்கும். அசலில் பெரிய அலகின் அடியில் கம்பனிப் பெயர் தெளிவாக அடித்திருக்கும், எல்லாக் கருவியும் ஒரே சீரான இழுவையோடு திறந்து டக்கென்று நிற்கும். போலியில் ஒன்று இறுகும், அடுத்தது தொளதொளக்கும். கன்சோ, சன்ரென்மு போன்ற சீனக் கம்பனிகளின் சொந்தப் பெயரில் வருபவை மலிவிலும் ஒழுங்கானவை. வேறு கம்பனியின் பெயரைத் திருடிப் போட்டதைத்தான் தவிர்க்கவேண்டும்.

கறுப்பு அலகு, முதுகில் பல், கண்ணாடி உடைக்கும் கூர், தட்டினால் தானாகப் பாயும் வில்லு?

வேண்டாம். கறுப்புப் பூச்சு உரிந்து சாப்பாட்டில் போகும். அரைவாசிப் பல் வெட்டிய அலகை வீட்டுக் கல்லில் தீட்ட முடியாது, மாங்காயும் ஒழுங்காகச் சீவாது. தானாகப் பாயும் வில்லில் மண் போனால் முடிந்தது கதை. அதோடு, வீதியில் மறித்துப் பார்க்கும் அதிகாரியின் கண்ணுக்கு அது கருவியாகத் தெரியாது.

பிடி மரமா, பிளாஸ்ரிக்கா, இரும்பா?

வியர்வையும் மீன் நெய்யும் பட்ட கையில் வழுக்காதது எதுவோ அது. மரம் கைக்கு இதம், ஈரம் அதற்குப் பகை. நைலோன் பிடி எதற்கும் அசையாது. பளபளத்த இரும்புப் பிடி வெயிலில் சுடும், ஈரத்தில் வழுக்கும்.

ஊர்க் கம்மாலையில் செய்விக்கலாமா?

நல்ல கொல்லர் பக்கத்தில் இருந்தால் தாராளமாகச் செய்விக்கலாம். லொறி வில்லுத்தகட்டில் அடித்த காட்டுக்கத்தியின் தரம் எங்களுக்குத் தெரியும். அதே தகட்டை மெலிதாக்கி, ஒற்றை ஆணியில், பூட்டும் வில்லும் இல்லாமல் இறுக்கத்தில் மட்டும் நிற்கும் மடக்குக்கத்தியாகச் செய்யலாம். அலகின் அடியில் ஒரு வால் நீட்டிவிட்டால், திறந்து பிடிக்கும்போது அந்த வால் உள்ளங்கைக்குள் வரும், அலகு மடங்காது. கருங்காலித் துண்டோ வேப்பந் துண்டோ பிடிக்குப் போதும். அலகை மெலிதாக்கச் சொல்லி வற்புறுத்துங்கள், காட்டுக்கத்தி அடித்துப் பழகிய கை தடிப்பாகத்தான் விடும். துடைத்து வைக்கவேண்டிய காபன் உருக்கு என்பதும் நினைவிருக்கட்டும்.

தீட்டுவது எப்படி?

கத்தி வாங்கும் காசில் ஒரு பங்கைக் கல்லுக்கு ஒதுக்குங்கள். ஒரு பக்கம் 400 (சொரசொரப்பானது), மறுபக்கம் 1000 (நொய்யது) என்று எண் போட்ட இரட்டைக் கல் ஒன்று போதும். கல் இல்லையா? நனைத்துத் தேய்க்கும் சான்ட் பேப்பரைத் தட்டையான ஓட்டுத் துண்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். அவசரத்துக்குத் தேநீர்க் கோப்பையின் அடியில் மினுக்குப் பூசாத வளையம் இருக்கிறதே, அதிலும் தீட்டலாம்.

கல்லை நனையுங்கள். அலகைப் படுக்கவைத்து முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள். எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அலகு 2 சென்ரிமீற்றர் அகலமானால், முதுகு கல்லிலிருந்து 5 மில்லிமீற்றர் உயர்ந்தால் சுமார் 15 பாகை, 7 மில்லிமீற்றர் உயர்ந்தால் சுமார் 20 பாகை. காய், மீன் வேலைக்கு 15, கயிறு, குழாய், கொப்பு வேலைக்கு 20. அந்தச் சரிவைக் கடைசிவரை மாற்றாமல் பிடிப்பதுதான் முழு வித்தை. வேகம் தேவையில்லை.

ஒரு பக்கத்தை அடியிலிருந்து நுனிவரை இழுத்துக்கொண்டே இருங்கள், மறுபக்கத்தில் விரலைக் குறுக்காக மெல்லத் தடவினால் பிசிர் தட்டுப்படும் வரைக்கும். விரலை நீளவாட்டில் ஓட்டாதீர்கள், வெட்டும். பிசிர் முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் மறுபக்கம் திருப்பவேண்டும். அரைகுறையாகத் திருப்புவதால்தான் எவ்வளவு தேய்த்தும் கூர் வராமல் போகிறது. இரண்டு பக்கமும் பிசிர் கண்டபின் 1000 பக்கத்துக்குப் போய், அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து, பக்கம் மாற்றி மாற்றி இழுங்கள். கடைசியாகப் பழைய தோல் வாரிலோ கார்ட்போட் மட்டையிலோ முதுகு முன்னே போகும்படி சில தடவை இழுத்தால் மிச்சப் பிசிரும் போய்விடும். கடுதாசியை ஓரத்தில் வைத்தால் கிழியாமல் அறுக்கவேண்டும், தக்காளித் தோலில் அழுத்தாமல் இறங்கவேண்டும்.

சைக்கிள் கடைச் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு ஒரு நொடியில் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் உருக்கின் கடினம் போய்விட்டது, அது திரும்ப வராது.

மீன், உப்புத் தண்ணீர், பலாப்பால் பட்டால்?

மீனும் கடல் தண்ணீரும் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, திறந்தபடியே காயவையுங்கள். மூடி வைத்தால் ஆணிப் பக்கத்தில் ஈரம் தங்கும், துரு தொடங்குவதே அங்கேதான். பலா அறுக்கும் முன் அலகில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. ஒட்டிவிட்டால் எண்ணெய் போட்டே துடையுங்கள், தண்ணீருக்கு அது அசையாது.

ஆணிக்குத் தேங்காய் எண்ணெய் விடவேண்டாம், எங்கள் செம்மண் தூசியும் சேர்ந்து பிசின் பிடித்த மாதிரி இறுகும். தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி போதும். சாப்பாடு வெட்டும் கத்தியானால் அலகில் பட்ட எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

யானை, கரடியிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள உதவுமா?

இல்லை. பாலைப்பழக் காலத்தில் கரடி மரத்தடியில்தான் நிற்கும். தனியே போகாமல், சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு போவதுதான் பாதுகாப்பு.

காட்டில் இந்தக் கத்தியால் எதைச் செய்யவே கூடாது?

மண்ணைக் கிண்டக்கூடாது. கிழங்கு, வேர், புழு எதற்காகவும் பழக்கமில்லாத இடத்தில் கத்தியை நிலத்தில் குத்தாதீர்கள். மண்ணில் அரைகுறையாகத் தெரியும் இரும்பு, பிளாஸ்ரிக், வயர் எதையும் கத்தியால் சுரண்டவோ நெம்பவோ அறுக்கவோ வேண்டாம். 2009 இல் சண்டை முடிந்தபின் இத்தனை வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தும், வெடிக்காத பொருட்கள் வன்னி மண்ணில் இன்னும் வெளிவருகின்றன, மழைக்குப் பிறகு புதிதாகத் தலைகாட்டுவதும் உண்டு. சந்தேகமான எதையாவது கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, 119 க்கு அழைத்தோ கிராம அலுவலரிடமோ சொல்லுங்கள். பழைய இரும்புக்காக இதைச் செய்து கை கால் இழந்த பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதானால் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்தது, காப்பிடங்களில் வெட்டுவது. சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015 இலிருந்து தேசியப் பூங்காக்கள். அங்கே ஒரு கொப்புக்கூட வெட்ட உங்களுக்கு உரிமை இல்லை.

பையில் போட்டுக்கொண்டு ரவுணுக்கு, பஸ்ஸில், கோயிலுக்குப் போகலாமா?

போகவேண்டாம். கத்தி வேலையோடு போகவேண்டும், வேலை முடிந்தால் வீட்டில் இருக்கவேண்டும். வயலுக்குப் போகிற வழியில் மண்வெட்டியும் உரப்பையும் பக்கத்தில் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதே கத்தி இரவில் ரவுண் பஸ் நிலையத்தில் இடுப்பில் இருந்தால் பொலிஸார் கேள்வி கேட்பார்கள், அதற்குச் சொல்ல நல்ல பதில் இருக்காது. நீதிமன்றம், கச்சேரி, பாடசாலை, ஆஸ்பத்திரி, வற்றாப்பளைப் பொங்கல் போன்ற பெருங்கூட்டம், இங்கெல்லாம் கட்டாயம் கூடாது. தூரப் பயணமானால் சாமான் பையின் அடியில் துணியில் சுற்றி வையுங்கள்.

பிள்ளைகளுக்கு எப்போது கொடுக்கலாம்?

வயதைவிட, சொன்னதைக் கேட்டு நிற்கிறதா என்று பாருங்கள். முதல் கத்தி வளையப் பூட்டும் மொட்டை நுனியும் உள்ளதாக இருக்கட்டும். இருந்துகொண்டுதான் வெட்டவேண்டும், தொடைக்கு மேலே வைத்து வெட்டக்கூடாது, வெட்டும் திசையில் கையும் ஆளும் இருக்கக்கூடாது. கத்தியைக் கைக்குக் கை கொடுக்காதே, கீழே வை, மற்றவர் எடுக்கட்டும் என்று பாட்டிமார் சொல்வார்களே, அதை அப்படியே பழக்குங்கள். மூடித்தான் வைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கை வெட்டுப்பட்டால்?

சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்தவேண்டும். கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண் எதுவும் வைக்காதீர்கள். இரத்தம் நின்றதும் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவிக் கட்டுங்கள். நிற்காவிட்டால், விரலை மடக்க முடியாவிட்டால், விறைப்பாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. தூரமென்றால் 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஏற்பு ஊசி போட்டுக் கன காலமென்றால் சின்ன வெட்டுக்கும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள், மீன் அழுக்கும் மாட்டுச் சாணமும் பட்ட கத்தியானால் இன்னும் கட்டாயம்.

நுனி உடைந்துவிட்டது. எறிந்துவிடுவதா?

எறியவேண்டாம். கூர்ப்பக்கத்தைத் தொடாமல், முதுகுப் பக்கத்தை 400 கல்லில் வைத்துச் சரிவாகத் தேய்த்துக்கொண்டு வாருங்கள், முதுகு வந்து கூரைத் தொடும் இடத்தில் புது நுனி வரும். தண்ணீர் விட்டுவிட்டுத் தேயுங்கள், சூடேறக்கூடாது. ஒரு பின்னேரம் போகும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைந்தால் வேலைக்கு ஒன்றும் குறையாது. மூடிப் பார்த்து, புது நுனி பிடிக்குள் முழுதாக அடங்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அடங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் முதுகைத் தேய்க்கவேண்டும்.